தறிக்காரச் சந்தின் பூஜ்யங்கள்

அகமதாபாத்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அகஸ்டினா அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மழை விட்டுவிட்டது, இருமல் விடவில்லை. மாமாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா, எடை எவ்வளவு, மெரினுக்குத் தேர்வு எப்போது என்று ஒன்றுவிடாமல் எழுது.

இந்தக் கூரியரில் நூறு தாள் இருக்கிறது. போனில் சொன்ன வேலைதான். நம் ஊர்த் தெருக்களை எங்கள் நிறுவனம் ஆய்வு செய்கிறது. ஒரு தெரு அடைபட்டால் மற்ற தெருக்கள் எவ்வளவு தாங்கும் என்பது கேள்வி. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் நூல் பிடித்துப் போட்ட தெருக்கள். ஒன்றை மூடினால் அடுத்ததில் திரும்பி அதே இடத்துக்குப் போய்விடலாம். முத்தியால்பேட்டையில் நம் பக்கம் அப்படி இல்லை. ஆறு தெருவும் மணிக்கூண்டுச் சாலையில்தான் வந்து விழுகின்றன. அந்த ஒரு முனை நின்றால் ஆறும் நிற்கும். நிற்காமல் காப்பாற்றுவது நடுவில் ஓடும் சந்துகள். எந்தச் சந்தில் எவ்வளவு ஓடுகிறது என்று வரைபடம் சொல்லாது. ஆள் நின்று எண்ண வேண்டும்.

உன் இடம் நம் வீட்டுக்கு எதிரே உள்ள தறிக்காரச் சந்து. மெரினுக்கு மணிக்கூண்டு. மற்ற நாலு இடத்துக்கும் நீயே ஆள் பார். செப்டம்பர் 24 செவ்வாய், 28 சனி. காலை ஆறு முதல் பத்து, மாலை நாலு முதல் எட்டு. மாமாவுக்கு டயாலிசிஸ் இல்லாத நாள்களாகப் பார்த்துத்தான் எடுத்தேன். கால் மணிக்கு ஒரு வரிசை. ஒன்றும் வராவிட்டால் பூஜ்யம் போடு, காலியாக விடாதே. காலி இடத்தைக் கம்ப்யூட்டர் ‘எண்ணவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும்.

அசல் தாளையே அனுப்ப வேண்டும். கூடவே ஒரு கடிதமும் வை. போனில் எப்போது கூப்பிட்டாலும் ‘மீட்டிங்’ என்கிறேன் என்று திட்டுகிறாயே, கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

மாமாவுக்கும் மெரினுக்கும் என் அன்பு.

உன் தம்பி,
லூர்துபிரகாஷ்


முத்தியால்பேட்டை, புதுச்சேரி
29 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி பிரகாசுக்கு,

இங்கே தாயும் மகளும் நலம், என் வீட்டுக்காரர், உன் மாமா, அளவான நலம். எடை அறுபத்தொன்று. வீக்கம் வெள்ளிக்கிழமை வடிகிறது, ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறது. மெரினுக்கு நவம்பரில் தேர்வு. உன் இருமலுக்கு மிளகு போட்டுப் பால் குடி.

ஒரு துக்கச் செய்தி. சந்து முனையில் இருந்த சொல்தா அருளானந்தம் போன திங்கட்கிழமை இறந்துபோனார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், உன்னைப் பார்த்தால் “சவா, சவா?” என்று நலம் கேட்டுச் சைக்கிளை நிறுத்துவாரே, அவர்தான். மகன்கள் இருவரும் பாரிசில். டிக்கெட் சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. அதுவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். நேற்று மாலை ஐந்தரைக்கு அடக்கம்.

இப்போது உன் தாள்கள். செவ்வாய் ஆறு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சந்தை முழுக்க அடைத்து ஷாமியானா. பதினோரு அடிச் சந்து, கழி இரண்டு பக்கச் சுவரையும் தொட்டு நின்றது. உள்ளே நாற்காலி, அடுப்பு. ஒரு சைக்கிள் போக வழி இல்லை. திங்கள் முதல் இன்று காலை வரை அப்படியேதான். அதனால் செவ்வாயும் பூஜ்யம், சனியும் பூஜ்யம். அறுபத்துநாலு வரிசை, அறுபத்துநாலும் பூஜ்யம். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதியவள், இல்லாததை இருப்பதாக எனக்குப் போடத் தெரியாது. தாளில் காரணம் எழுத இடம் இல்லை. ஆகையால் இங்கே எழுதுகிறேன். மற்ற நாள்களில் காலையில் மட்டும் இருநூறு வண்டிக்குக் குறையாது. வேண்டுமானால் வேறு இரண்டு நாள் மறுபடி எண்ணித் தருகிறேன்.

வைத்திக்குப்பத்து மீன்காரி கமலவேணி கூடையோடு ஷாமியானாவுக்குள் குனிந்து வந்தாள். “இன்னாக்கா, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கோடு போட்றியாமே. எனக்கு ஒண்ணு போடு” என்றாள். கூடைக்காரிக்குத் தாளில் இடம் இல்லை என்றேன். “அப்போ ஒந்தம்பி வரையிற ஊர்ல யாரும் மீன் துன்ன மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் தெரிந்தால் எழுது.

மாதா உன்னைக் காக்கட்டும்.

அக்கா,
அகஸ்டினா


அகமதாபாத்
21 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

அருளானந்தம் ஐயா போனது வருத்தமாக இருக்கிறது. எனக்கு முதன்முதலில் மணிக்கட்டுக் கடிகாரம் கட்டிப் பார்க்கக் கொடுத்தவர் அவர்.

தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. உன் கையெழுத்தை இங்கே எல்லாரும் பாராட்டினார்கள். அறிக்கை போன வாரம் சாலைத் துறைக்குப் போய்விட்டது. இது நல்லபடி முடிந்தால் ஏப்ரலில் என் வேலையை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. ஏழு வருஷ ஒப்பந்தத்துக்குப் பிறகு அதை நம்பவே பயமாக இருக்கிறது.

மாமாவின் உடம்பைப் பற்றி எழுது. தீபாவளிக்கு வர முடியாது.

தம்பி,
பிரகாஷ்


முத்தியால்பேட்டை
23 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் பார்த்தேன். நலம் விசாரித்ததற்கு சந்தோஷம். உன் மாமா தூங்குகிறார், மெரின் படிக்கிறாள், நான் இதை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஒரு கிரேன் வந்தது. தறிக்காரச் சந்தின் வாயில் சிமெண்ட் தடுப்புக் கட்டை மூன்று இறக்கினார்கள். இடுப்பு உயரம். ஓரத்தில் ஒன்றரை அடி இடைவெளி, ஆள் ஒருக்களித்துப் போகலாம். நம் தெருவும் ஒருவழி ஆகிவிட்டது. சுவரில் ஒட்டிய நோட்டீஸை அப்படியே எழுதுகிறேன்: ‘போக்குவரத்து ஆய்வின்படி பயன்பாடு இல்லாத சந்து சோதனை முறையில் மூடப்படுகிறது. பிப்ரவரி 18 ஆய்வுக் கூட்டத்துக்குப் பின் நிரந்தரமாக்கப்படும். ஆட்சேபணை இருப்பின் ஆதாரத்துடன் தெரிவிக்கவும்.’

உன் மாமாவைத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஹிதாயத்துல்லா ஆட்டோவில்தான் கொண்டுபோகிறேன், உனக்குத் தெரியும். சந்து வழியாகத் தெற்குத் தெருவுக்குப் போய் புல்வார் சாலையில் இறங்கினால் பதினாலு நிமிடத்தில் பெரியாஸ்பத்திரி. நேற்று மணிக்கூண்டைச் சுற்றிப் போனோம். நாற்பத்தொரு நிமிடம். ஆறே முக்காலுக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். பிந்தினால் மெஷின் நேரத்தைக் குறைப்பார்கள், அடுத்த ஆள் காத்திருப்பார்.

ஹிதாயத்துல்லா தடுப்புக் கட்டையை ஒரு உதை விட்டார். “அக்கா, இந்தச் சந்துல வண்டி போவலன்னு எவன் சொன்னான்? ஒரு நாளைக்கு நானே இருபது தபா போறேன். அவன் கண்ண நல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு” என்றார். நான் நோட்டீஸை மறுபடி படித்தேன்.

பிரகாஷ், ‘ஆய்வின்படி’ என்று எழுதியிருக்கிறது. அது உங்கள் ஆய்வா?

அக்கா


முத்தியால்பேட்டை
7 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. புயலில் தபால் தங்கியிருக்கலாம். நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, வாசற்படி மூன்றாவது படி வரை வந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன சனிக்கிழமை புயல். ஞாயிறு முழுக்க வெள்ளம். திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஹிதாயத்துல்லா வந்தார். மணிக்கூண்டு முனையில் தொடை அளவு தண்ணீர், ஆட்டோ இன்ஜின் நின்றுவிட்டது. பின்னால் நம் ஆறு தெரு வண்டியும் வந்து அடைத்துக்கொண்டன. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன், அதுவும் அதே முனைக்கு அந்தப் பக்கம் நின்றது. ஹிதாயத்துல்லாவும் மெரினும் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். தெற்குத் தெரு மேடு. அங்கே தரை தெரிந்தது, ஒருவர் ஸ்கூட்டரில் போனார்.

செவ்வாய் மதியம்தான் போக முடிந்தது. அதற்குள் உடம்பில் ஐந்து கிலோ நீர். படுக்க முடியாமல் நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்தே இருந்தார். மூச்சு விடும்போது தண்ணீர்க் குழாயில் காற்று வருவது போல ஒரு சத்தம். நர்ஸ் என்னைத்தான் திட்டினாள். நியாயம்தான்.

நீ முதல் கடிதத்தில் எழுதியதை எடுத்துப் படித்தேன். அந்த ஒரு முனை நின்றால் ஆறும் நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். நிற்கத்தான் செய்தது.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

அக்கா


அகமதாபாத்
16 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. மாமா இப்போது எப்படி இருக்கிறார்? புயல் செய்தியைப் பார்த்த அன்று போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை.

ஆய்வு எங்களுடையது. முடிவு துறையுடையது. தெருக்களில் குறுக்கே வந்து சேரும் சந்து வாய்களைக் குறைத்தால் வண்டிகள் தங்காமல் ஓடும். மற்ற நாள்களில் இதில் பலன் உண்டு. எந்த வாயை மூடுவது என்பதற்கு எண்ணிக்கையைத்தான் அடிப்படையாக எடுத்தார்கள். தறிக்காரச் சந்தில் இரண்டு நாளும் பூஜ்யம். இதற்குமேல் இங்கிருந்து நான் செய்யக்கூடியது குறைவு.

ஒன்று தோன்றுகிறது. புத்தாண்டுக்கு வரும் சுற்றுலாக் கூட்டம் போகும்வரை மாமாவை முதலியார்பேட்டையில் சித்தி வீட்டில் வைத்தால் என்ன?

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. மெரினுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன்.

தம்பி,
பிரகாஷ்


முத்தியால்பேட்டை
5 ஜனவரி 2025

பிரகாசுக்கு,

புது வருஷம் உனக்கு நன்றாக அமையட்டும். சால்வை வந்தது, மெரின் போர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

சித்தி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ரயில்வே கேட் இருக்கிறது. நீ மறந்திருக்கலாம்.

புத்தாண்டு புதன்கிழமை வந்தது. மெஷினுக்கு விடுமுறை கிடையாது. சென்னையிலிருந்து வந்த கார்கள் மணிக்கூண்டிலிருந்து நம் வீட்டு வாசல் வரை நின்றன. ஹிதாயத்துல்லா ஆட்டோவைத் தெற்குத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். “அண்ணன கட்ட மேல இப்டி குடு, நான் அந்தாண்ட வாங்கிக்கறேன்” என்றார். ஒன்றரை அடியில் இரண்டு பேர் பிடித்து நடத்த முடியாது, அதனால் தூக்கினோம். இந்தப் பக்கம் நானும் மெரினும், அந்தப் பக்கம் அவரும் கமலவேணியும். உன் மாமா சிரித்தார். “என்னைய பார்சல் மாதிரி கை மாத்துறீங்களே, எடை போட்டு தபால் வில்லை ஒட்டினீங்களா?” என்றார். “சும்மா வாய்யா, வஞ்சிர மீன் மாதிரி வழுக்கற” என்றாள் கமலவேணி. நாங்களும் சிரித்தோம். அப்போது பிடி நழுவி இடது கை கட்டையின் விளிம்பில் இடித்தது.

இடது கையில்தான் ஊசி போடும் நரம்பு. ஆபரேஷன் செய்து ஆறு மாதம் காத்திருந்து தயார் செய்த இடம். முழங்கைவரை கறுத்து வீங்கிவிட்டது. இப்போதைக்குக் கழுத்தில் குழாய் போட்டு மெஷின் வைக்கிறார்கள். கை பிழைத்துக்கொள்ளும் என்கிறார் டாக்டர். இன்னொரு முறை அடிபட்டால் வலது கையில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவரை அவர் உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்கிறார். இனி அந்தக் கட்டையைத் தாண்டக் கூடாது.

மார்ச் 12 மாசி மகம். அதுவும் புதன்கிழமை. மயிலம் முருகன் முதல் எல்லாச் சாமியும் வைத்திக்குப்பம் கடலுக்கு வரும். விடிவதற்கு முன்பே மணிக்கூண்டுச் சாலையில் வண்டி போகாது. அதற்குள் சந்து திறந்தாக வேண்டும்.

‘இரண்டு நாளும் பூஜ்யம்’ என்று எழுதியிருக்கிறாய். போட்டவள் நான். ஏன் பூஜ்யம் என்று அதே உறையில் வைத்த கடிதத்தில் எழுதினேனே. நீ அருளானந்தத்துக்காக வருத்தப்பட்டு பதிலும் எழுதினாய். ஷாமியானாவை மட்டும் எப்படி விட்டாய்?

அக்கா


அகமதாபாத்
22 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

மாமாவின் கை எப்படி இருக்கிறது? வீக்கம் குறைந்ததா என்று இரண்டு வரியாவது எழுது.

உன் செப்டம்பர் கடிதத்தைத் தேடினேன். தாள்களோடு கோப்பில் இருந்தது. அந்த வாரம் வேலை நெருக்கடி, சரியாகப் படிக்காமல் விட்டிருக்கிறேன். தவறுதான்.

நான் துறைக்கு நேரடியாக எழுத நிறுவனம் அனுமதிக்காது. நீ ஆட்சேபணை கொடுக்கலாம். அதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் அந்தக் கடிதம்தான் ஆதாரம். அசலை இதோடு அனுப்புகிறேன்.

தம்பி,
பிரகாஷ்


முத்தியால்பேட்டை
5 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி பிரகாசுக்கு,

உன் மாமா கையில் கறுப்பு மஞ்சளாக மாறிவிட்டது, வீக்கம் பாதி. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி இடது கையில் ஊசி. நீ கேட்ட இரண்டு வரி இதுதான்.

கடிதம் வந்தது. அதற்கு முன்பே துறையில் உதவிப் பொறியாளர் கலைவாணனைப் போய்ப் பார்த்திருந்தேன். பொறுமையான மனிதர். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். “வாய்ல சொல்றதுக்கு நூறு பேர் வருவாங்கம்மா. சாவு நடந்துதுன்னு கோயில் பதிவு காட்டும், ஒத்துக்கறேன். அந்த ரெண்டு நாளும் சந்து அடைச்சிருந்துதுன்னு அப்பவே எழுதின காகிதம் எதனா இருக்குதா?” என்றார். ஷாமியானாக்காரர் பில் போடுகிறவர் இல்லை. கடிதம் இருக்கிறது, அசலாகக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். 18ஆம் தேதி செவ்வாய் பத்து மணிக்குக் கூட்டம். அன்று கொடுக்காவிட்டால் கட்டைக்குப் பதிலாகச் சுவர் வரும்.

உறையைப் பிரித்து என் கடிதத்தைப் படித்தேன். ஷாமியானா பற்றிய ஐந்து வரிக்கும் அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் உன் கையெழுத்தில் ‘மறு கணக்கெடுப்பு?’ என்று இருக்கிறது. கீழே தேதி, 4/10.

அறிக்கை போனது அதற்குப் பிறகு. நீயே எழுதியிருக்கிறாய்.

இதை அப்படியே கொடுத்தால் சந்து அடைத்திருந்தது என்பது தெரியும். உங்கள் அலுவலகத்தில் தெரிந்தே விட்டார்கள் என்பதும் தெரியும். எழுத்து யாருடையது என்று கேட்பார்கள். ஏப்ரல் பக்கத்தில் இருக்கிறது. மெரினின் டப்பாவில் ரப்பர் இருக்கிறது. ஒரு நிமிட வேலை, கோடு போய்விடும், என் பேனா எழுத்து நிற்கும். சந்துக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நிச்சயம் இல்லை. என் கடிதம் மட்டும் இருந்தால், தனக்கு வேண்டியபடி பின்னால் எழுதிக்கொண்டாள் என்று சொல்லிவிடலாம்.

அனுப்பும் முன் நீ அதைப் பார்க்கவில்லையா? பார்த்துத்தான் அனுப்பினாயா?

18க்கு முன் பதில் போடு. போனில் வேண்டாம். நீ போனில் சொன்னால் நான் உடனே சரி என்றுவிடுவேன்.

அக்கா


முத்தியால்பேட்டை
18 பிப்ரவரி 2025

பிரகாசுக்கு,

பதில் வரவில்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே பார்த்துக் கேட்டேன், நேற்றும் கேட்டேன், இன்று ஒன்பது மணிக்கும் கேட்டேன். “வந்தா நானே ஓடியாந்து குடுக்க மாட்டனாக்கா?” என்று அவருக்கே எரிச்சல்.

நேற்று ரப்பரை எடுத்து மேசையில் வைத்தேன். உன் மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்காக அழிக்காத. அவனுக்காகவும் அழிக்காத. உனக்கு எது வருதோ அத செய்” என்றார். அந்த மனிதர் இப்படித்தான், ஒன்றிலும் உதவி செய்ய மாட்டார்.

அழிக்கவில்லை. பத்து மணிக்குக் கலைவாணன் கையில் கொடுத்தேன். மேசையைச் சுற்றி ஏழு பேர். அவர் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்தப் பென்சில் யாரோடதும்மா?” என்றார்.

“என் தம்பியோடது” என்றேன்.

ரசீது கொடுத்தார்கள்.

உன்னிடம் சொல்லாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்று இன்றே எழுதுகிறேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா


அகமதாபாத்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

பதினொரு நாள் உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இது உனக்கு நேரத்தில் கிடைக்காது என்று தெரியும். கிடைக்காத நாளாகப் பார்த்து எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம்.

பார்த்துத்தான் அனுப்பினேன். என் கையால் அழிக்கவும் முடியவில்லை, வாயால் சொல்லவும் வரவில்லை. நீ பார்த்துக்கொள்வாய் என்று விட்டேன். சின்ன வயதிலிருந்து நான் செய்வது அதுதான்.

அக்டோபர் 4 அன்று உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். “இரண்டு நாளும் ஒரே எண், இதைவிட உறுதியான எண் வேண்டுமா?” என்றார். மறுபடி எண்ணினால் மூன்று வாரம் தள்ளும், அறிக்கைத் தேதி தாண்டிவிடும். நான் கோப்பை மூடினேன். ஒரு சந்துதானே என்று நினைத்தேன் என்று உனக்கு எழுத ஆசை. அப்படி நினைக்கவில்லை. அது எந்தச் சந்து, யார் வீட்டுக்கு எதிரே, திங்கள் புதன் வெள்ளி அதில் யார் போகிறார் என்று தெரிந்தேதான் மூடினேன். ஏதாவது ஒரு வழியில் போய்க்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். மற்ற வழி இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டியவனே நான்.

அழிக்காதே, அக்கா. இதற்குள் அழித்திருந்தால், கூட இருக்கும் தாளைக் கலைவாணனிடம் கொடு. நடந்ததைத் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதன் நகலை மேலாளர் மேசையிலும் வைத்துவிட்டேன்.

மாமாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பிரகாஷ்


முத்தியால்பேட்டை
13 மார்ச் 2025

அன்புத் தம்பி பிரகாசுக்கு,

உன் மாமா நலம். எடை அறுபது. இடது கையில் வீக்கம் இல்லை. மெரின் தேறிவிட்டாள்.

உன் கடிதம் 24ஆம் தேதி வந்தது. தாளைக் கலைவாணனிடம் சேர்த்துவிட்டேன். போன வியாழக்கிழமை அதே கிரேன் வந்து மூன்று கட்டையையும் தூக்கிப்போனது. இறக்க வந்த அதே டிரைவர்தான். “இத எங்கதான் போய் வைக்கறதுன்னு ஒரு முடிவுக்கு வாங்கம்மா” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார்.

நேற்று மாசி மகம். நாலு மணியிலிருந்தே மணிக்கூண்டுச் சாலையில் மேளம், தலைகள். ஐந்தே முக்காலுக்கு ஹிதாயத்துல்லா ஹாரன் அடித்தார். சந்திலும் கூட்டம் நிறைந்திருந்தது. பெரிய சாலையில் நிற்க முடியாதவர்கள் எல்லாம் அதில்தான் நடந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. திறந்தும் போக முடியாதோ என்று. கமலவேணி எங்கிருந்து வந்தாளோ, ஆட்டோவுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தாள். “ஒத்திக்கய்யா ஒத்திக்க, மெஷினுக்குப் போற மனுசன்! சாமி ஒம்போது மணி வரைக்கும் நிக்கும், இவரு நிக்க மாட்டாரு!” கூட்டம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. யாரோ ஒரு வெளியூர்ப் பெண் ஆட்டோவுக்குள் கைநீட்டி உன் மாமா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு அதையும் வாங்கிக்கொண்டார். தெற்குத் தெரு, புல்வார், ஆஸ்பத்திரி வாசல். பத்தொன்பது நிமிடம். நாலு மணி நேரமும் முழுசாக மெஷின் ஓடியது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள் அங்கேயே தூங்கிப்போனேன்.

அவரிடம் என்ன சொல்வதென்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு, “அவனுக்கு இருமல் நின்னுதான்னு கேளு” என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது. எனக்கு உன்மேல் கோபம் போகவில்லை. சந்தைப் பார்க்கும்போது வருகிறது, ஒரு நாளைக்கு இருபது முறை பார்க்கிறேன். கோபம் போகும்போது சொல்கிறேன்.

உன் வேலையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. துறைக்கு உங்கள் நிறுவனத்திலிருந்து திருத்திய அறிக்கை வந்திருக்கிறதாம். நீ கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில் வேறு ஒருவர் போட்டிருக்கிறார் என்று கலைவாணன் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

மெரின் உன் மாடி அறையில் இருந்த தன் புத்தகங்களைக் கீழே கொண்டுவந்துவிட்டாள். மின்விசிறிக்கு நேற்று எண்ணெய் போட்டாயிற்று. எந்த ரயிலில், என்றைக்கு என்று மட்டும் எழுது. காரணம் எழுத வேண்டாம்.

அக்கா,
அகஸ்டினா